கள்ளிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர்? அதற்கு முன்னால் சில விஷயங்கள்

வாரம் ஒரு தடவை ஊற்றினால் போதுமா, பத்து நாளைக்கு ஒரு தடவையா? கள்ளியோ, இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள சக்குலண்டோ வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு நாள் கணக்கில் யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள், செடியோடு வரும் சின்ன அட்டையில் அச்சடித்திருந்தாலும் சரி. ஒரே செடி, ஒரே தொட்டி, ஆனால் வெயில் விழும் ஜன்னலில் இருந்தால் நான்கைந்து நாளில் மண் காய்ந்துவிடும், அறையின் உள்மூலையில் இருந்தால் மூன்று வாரம் ஆனாலும் அடியில் ஈரம் இருக்கும். வெளிச்சம், மண், தொட்டி, காற்றோட்டம், வெப்பம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாள் கணக்கை முடிவு செய்கின்றன. அதனால் தண்ணீரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதை முதலில் சரிசெய்வோம். மற்றவை சரியாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் செடி தாங்கும்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு வரும் பாதிக் குழப்பம் வராது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்துக்கொள்ளும். கள்ளிகளும் பெரும்பாலான சக்குலண்டுகளும் பகலில் துளைகளை மூடி வைத்துக்கொண்டு, இரவில் குளிர்ந்த பிறகு திறக்கும். இரவில் எடுத்ததை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதிலிருந்து உணவு தயாரிக்கும். தண்ணீரை வீணாக்காமல் பிழைக்க இது நல்ல வழி, ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, இரவிலும் வெக்கை குறையாத நாட்களில், ரோஜாப் பூ அடுக்கில் இலை விரிக்கும் எச்செவேரியா போன்ற பல வகைகள் துளைகளைச் சரியாகத் திறக்க முடியாமல் வளர்ச்சியையே நிறுத்திவிடும். அப்போது வேர் தண்ணீர் கேட்காது. கடும் வெயில்காலம், பாவம் தாகமாக இருக்கும் என்று நினைத்து நிறைய ஊற்றினால், சூடான ஈர மண்ணில் வேர் வெந்து அழுகிப்போகும். கோடையில் சக்குலண்ட் திடீரென்று செத்துப்போகிறது என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வெளிச்சம்

பாலைவனக் கள்ளிகள், எச்செவேரியா, செடம், ஜேட் செடி, அடீனியம் இவற்றுக்கெல்லாம் தினமும் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் இருந்தால் நல்லது. "அறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்பது நம் கண்ணுக்குத்தான். ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும், நம் கண் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். எச்செவேரியாவின் தண்டு நீண்டு இலைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வந்தால், உருண்டைக் கள்ளியின் நுனி வெளிறிக் கூம்பாக மேலே இழுத்துக்கொண்டு போனால், அது நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். வெளிச்சம் தேடி ஓடுகிறது. அப்படி நீண்டுபோன பகுதி பிறகு எவ்வளவு வெயில் கொடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. இனி வரும் வளர்ச்சி மட்டும் சரியாக வரும். தண்டு நீண்ட எச்செவேரியாவைத் தலையோடு வெட்டி மறுபடி நடலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் உடனே மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடலாமா? கூடாது. நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ விழும் அந்தத் தழும்பு ஆறாது, கள்ளியில் என்றால் அது உயிரோடு இருக்கும்வரை இருக்கும். முதலில் காலை வெயில் மட்டும் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். வெயில் கூடும்போது இலை ஓரங்கள் சிவப்பது நோயல்ல. பல வகைகளில் அந்த நிறத்துக்காகத்தான் ஆளுக்காள் வெயிலில் வைக்கிறார்கள்.

வெயிலே வராத வீடு என்றால் இரண்டு வழி. ஒன்று, குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும் வகைகளாக வாங்குவது: ஹவொர்தியா, காஸ்டீரியா, ஸ்னேக் பிளான்ட். இவை நேரடி வெயில் இல்லாத, ஆனால் வெளிச்சமான இடத்தில் அழகாகவே இருக்கும். இன்னொன்று, வெள்ளை எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்கைச் செடிக்கு மேலே ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்தில் வைத்து, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுவது. இரவு முழுவதும் எரிய விடாதீர்கள். இருட்டில்தான் இவை துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

மண், தொட்டி

நான் மட்டும் விதி போடுவதாக இருந்தால், கள்ளியை மண்ணோடு விற்கக் கூடாது என்று போடுவேன். நாற்றங்காலில் இருந்து வரும் செடி பெரும்பாலும் சுத்தமான தென்னைநார்த் துகளிலோ, சதுப்பு நிலத்தில் மக்கிய பாசியான பீட்டிலோ இருக்கும். பெரிய அளவில் வளர்த்து லாரியில் அனுப்புகிறவர்களுக்கு அது வசதி, லேசாக இருக்கும், தினமும் கவனிக்க ஆள் உண்டு. வீட்டில் அது பல நாள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ஒரு தடவை முழுதாகக் காய்ந்துவிட்டால் அடுத்து ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடிவிடும். இரண்டுமே கெடுதல்.

நமக்கு வேண்டியது, தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில் அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிட வேண்டும், மண்ணுக்குள் காற்றுக்கு இடம் இருக்க வேண்டும். வேருக்கும் ஆக்சிஜன் தேவை, அது கிடைக்காத இடத்தில்தான் அழுகல் பூஞ்சைகள் புகுகின்றன. கலவையில் பாதிக்கு மேல் கல் போன்ற பொருள் இருக்கட்டும்: பியூமிஸ், பெர்லைட், எரிமலைக் கல் துண்டு, உடைத்த செங்கல், பருமணல், எது கிடைக்கிறதோ அது. ஒவ்வொரு துண்டும் 3 முதல் 6 மில்லிமீட்டர். மீதிக்குச் சாதாரணத் தோட்ட மண் கலவையோ மக்கிய உரமோ போதும். முக்கியமான வேலை சலிப்பது. செங்கலை உடைத்தால் கூடவே தூளும் வரும், அந்தத் தூளை அப்படியே போட்டால் இடைவெளி எல்லாம் அடைத்து, கல்லைப் போட்டதன் பலனே போய்விடும். மெல்லிய மணலும் இதே வேலையைச் செய்யும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். வெர்மிகுலைட் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள், பெயர் பெர்லைட் மாதிரி ஒலிக்கிறது என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். கலந்து முடித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்துப் பிடித்துப் பாருங்கள், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் இன்னும் கல் சேர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வடியாது. நுண்ணிய மண் தன்னிடம் உள்ள ஈரத்தைப் பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் எளிதில் விடாது, மண் நிறைந்து வழியும்போதுதான் தண்ணீர் கீழே இறங்கும். அதனால் கல் அடுக்குக்கு மேலே, வேர் இருக்கிற இடத்திலேயே, ஈர மண்டலம் உயர்ந்து நிற்கும். மண் சிந்தாமல் இருக்க ஓட்டை மேல் ஒரு துண்டு வலையோ உடைந்த ஓடோ வைத்தால் போதும், தொட்டி முழுவதும் ஒரே கலவையாக இருக்கட்டும்.

தொட்டியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லாத அழகான பீங்கான் கிண்ணம் பிடித்திருந்தால், உள்ளே ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்ததும் திரும்ப வையுங்கள். மூடிய கண்ணாடி ஜாடிக்குள் சக்குலண்ட் வைப்பது புகைப்படத்துக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும், அதிகமாகத் தண்ணீர் ஊற்றும் கை உடையவர்களுக்கு அது நல்லது. மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக்கே மேல். அளவு, செடியைவிட ஒரு விரற்கடையோ இரண்டோ அகலமாக இருந்தால் போதும். நாளைக்குப் பெரிதாக வளருமே என்று பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண்ணெல்லாம் காயாமல் கிடக்கும்.

புதிதாக வாங்கிய செடியைக் கொண்டுவந்ததும் மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் உடைத்து எடுங்கள், கள்ளியின் தலையில் காகிதப் பூவை ஒட்டியிருந்தால் அதையும். மண் மாற்றும்போது பழைய துகள்களை உதிர்த்து, வேரைச் சுற்றி வலைப்பை இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, காய்ந்த புதுக் கலவையில் நடுங்கள். ஏறக்குறைய ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அறுந்த வேர்கள் ஆறுவதற்குள் ஊற்றினால் அந்தக் காயம் வழியாகவே அழுகல் ஏறும்.

சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் உட்கார்ந்திருக்கும் நிலாக் கள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வண்ண உருண்டையில் பச்சையம் கிடையாது, தானாகச் சாப்பிட வழியில்லை, அதனால் கீழே உள்ள பச்சைக் கள்ளியோடு ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். அது சில வருடங்களில் போய்விட்டால் உங்கள் கைராசியைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்போது தண்ணீர்

முறை எளிது. ஊற்றினால் அடி ஓட்டையில் ஒழுகும்வரை நன்றாக ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், பிறகு மண் அடிவரை காயும்வரை தொடாதீர்கள். ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று அடிக்கடி கொடுப்பதும், ஸ்ப்ரே பாட்டிலால் தூவுவதும் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வேர் ஆழம் போகாமல் மேலேயே நின்றுவிடும், அடியில் உள்ளவை காய்ந்து சாகும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள், ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். நனைந்த உடனே ஒரு தடவையும் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவையும் தூக்கி எடையைக் கையில் பழக்கிக்கொண்டால், பிறகு குச்சியே தேவைப்படாது. செடியும் சொல்லும். எச்செவேரியாவின் கீழ் இலையை மெதுவாக அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா, தொய்வாக வளைகிறதா என்று பாருங்கள். ஜேட் இலையில் மெல்லிய சுருக்கம் விழும், கள்ளியின் வரிகள் உள்வாங்கும். சந்தேகமாக இருந்தால் இன்னும் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். வாடிய சக்குலண்ட் ஒரு நல்ல ஊற்றலில் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடும், அழுகியது எழாது.

ரோஜாப் பூ அடுக்கில் இருக்கும் வகைகளில் இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கினால் ஊதி விடுங்கள். குளிர்காலத்தில் வளர்ச்சி குறையும், தண்ணீரும் குறைய வேண்டும். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிற இடங்களில் பாலைவனக் கள்ளிகளை ஏறக்குறைய முழுதாகக் காயவிடுவார்கள். மாமில்லாரியா, ரெபுடியா போன்றவை அப்படிக் குளிர்ந்து காய்ந்து ஓய்வெடுத்த பிறகுதான் நன்றாகப் பூக்கும். விடாமல் மழை பெய்கிற காலத்தில், வெளியே இருக்கும் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்துவிடுங்கள், ஏற்கெனவே காற்றின் ஈரத்தில் மண் காய நாளாகும்.

இந்த விதிகளுக்குள் அடங்காத இரண்டு பேர் உண்டு. கிறிஸ்துமஸ் கள்ளி பிரேசில் காடுகளில் மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வது, அதற்குக் கடும் வெயில் ஆகாது, மண் முழுதாகக் காய்ந்து பல நாள் கிடப்பதும் பிடிக்காது. கூழாங்கல் மாதிரியே இருக்கும் லித்தாப்ஸ் நேர் எதிர். பிளவுக்கு நடுவிலிருந்து புது ஜோடி இலைகள் எட்டிப் பார்க்கும் காலத்தில் பழைய ஜோடியில் உள்ள நீரைத்தான் அவை குடிக்கும். பழையது காகிதம்போல் வற்றிச் சுருங்கும்வரை ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழைய இலை வற்றாமல் நிற்கும், சில சமயம் செடியே வெடித்துவிடும்.

ஏதோ சரியில்லை என்றால்

தாகமும் அழுகலும் தொடக்கத்தில் ஒன்றுபோல் தெரியும், இரண்டிலும் செடி தொய்ந்துபோகும். தாகம் என்றால் இலை சுருங்கி மெலிந்து, அடி இலைகள் சருகாகக் காயும். தண்ணீர் அதிகமானால் இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, தொட்டால் கூழாகி, லேசாகப் பட்டாலே உதிரும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம், வெளியே எடுத்துப் பாருங்கள். அடி இலைகள் ஒன்றிரண்டு மட்டும் காய்வது வயதின் வேலை. வயதான கள்ளியின் அடிப்பகுதி பழுப்பாகிக் கெட்டியாக மரப்பட்டைபோல் ஆவதும் அப்படித்தான். அழுத்திப் பார்த்துக் கல்லாக இருந்தால் விட்டுவிடுங்கள், மெத்தென்று இருந்தால்தான் பிரச்சினை.

அழுகலைப் பார்த்தால் அன்றைக்கே வெட்டுங்கள். சுத்தமாகத் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள், பழுப்பு வட்டமோ புள்ளியோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே. முழுவதும் ஒரே சுத்தமான நிறம் வந்த பிறகு நிழலில் காய வையுங்கள். கந்தகப் பொடி இருந்தால் தடவலாம், இல்லாவிட்டாலும் காற்றும் பொறுமையும் போதும்.

பூச்சிகளில் முதல் எதிரி மாவுப்பூச்சி. இலைக் கக்கத்திலும் முட்களுக்கு இடையிலும் வெள்ளைப் பஞ்சாக உட்கார்ந்திருக்கும். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், செடி வெயிலில் இல்லாத நேரமாகப் பார்த்து. முட்டைகள் பொரித்து வந்துகொண்டே இருக்கும், அதனால் வாரம் ஒரு தடவை என்று சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். வெளியே எதுவும் இல்லாமல் செடி காரணமின்றி மெலிந்தால் வேரில் இருக்கலாம், அப்போது மண்ணை முழுதாகக் கழுவி எறிந்துவிட்டு வேரைக் காயவைத்துப் புது மண்ணில் நட வேண்டும். எச்செவேரியா இலைமேல் சீராகப் பரவியிருக்கும் வெள்ளை மாவை மட்டும் பூச்சி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது செடியே போட்டுக்கொண்ட மெழுகு, வெயிலில் இருந்து காக்கும். விரல் பட்ட இடத்தில் அந்த இலையில் அது திரும்ப வராது. வேப்பெண்ணெய் தெளித்தாலும் அந்த மெழுகு போய்விடும், எண்ணெய்ப் பூச்சோடு வெயிலில் வைத்தால் இலை வேறு கருகும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளரும் பருவத்தில், நைட்ரஜன் குறைவான உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாக, மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். போடாவிட்டாலும் செத்துவிடாது.

ஒன்றைப் பத்தாக்க

இதுதான் இந்தச் செடிகளோடு இருப்பதில் பெரிய சந்தோஷம். எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், செடம், ஜேட் இவற்றின் ஒரு இலையே போதும். இலையைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து, அடிக்காம்பு முழுதாக வரும்படி எடுக்க வேண்டும், பாதியில் கிழிந்தால் முளைக்காது. இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, மண்மேல் சும்மா கிடத்துங்கள், புதைக்க வேண்டாம். இளஞ்சிவப்பு வேர்நூல்கள் வந்த பிறகு லேசாக நனைக்கலாம். தாய் இலை தானாக வற்றும்வரை பிய்க்காதீர்கள், குட்டி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எல்லா இலையும் முளைக்காது, சிலது வேர் மட்டும் விட்டு அப்படியே நிற்கும், அதனால் கூடுதலாகவே போட்டு வையுங்கள். ஏயோனியம் இலையிலிருந்து வராது, தண்டோடு வெட்டித்தான் வைக்க வேண்டும். மஞ்சள் ஓரம் உள்ள ஸ்னேக் பிளான்ட்டை இலைத்துண்டாக நட்டால் பச்சைக் குட்டிதான் வரும், அந்த ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

மேலே சொன்ன நீண்ட எச்செவேரியாவை, தலைக்குக் கீழே இரண்டு விரற்கடைத் தண்டு விட்டு வெட்டி, சில நாள் காயவைத்து, காய்ந்த கலவையில் செருகினால் வேர் பிடிக்கும். அடியில் மிஞ்சிய மொட்டைத் தண்டைத் தூக்கி எறியாதீர்கள், அதன் பக்கங்களிலிருந்து குட்டிகள் வரும். கள்ளித் துண்டுக்குக் காயம் பெரிது, ஒன்றிரண்டு வாரம் காய வேண்டும்.

வெட்டுகிற வேலை என்றால் முதலில் பால் வடிகிறதா என்று கவனியுங்கள். கள்ளி மாதிரியே இருக்கும் யூஃபோர்பியாவை வெட்டினால் வெள்ளைப் பால் வரும், தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உண்மைக் கள்ளியில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும், யூஃபோர்பியாவில் அந்தத் திட்டு இருக்காது, இரண்டையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் யூஃபோர்பியா, கலஞ்சோ, ஜேட், சோற்றுக்கற்றாழை நான்கையும் வாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரிய முள் கள்ளியை நகர்த்த, செய்தித்தாளைப் பட்டையாக மடித்து இடுப்பில் சுற்றிப் பிடித்துத் தூக்கலாம். சப்பாத்திக்கள்ளி வகைக்கு அதுவும் போதாது, பெரிய முள்ளுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத மயிர்முட்கள் கொத்துக் கொத்தாக உண்டு, கையில் ஏறினால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் பாதி வந்துவிடும், மீதியை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான்.